பச்சை ஆறுகிற வரைக்கும்

கரி பஸ்ஸைப் பார்க்காதவர்களுக்கு அந்தக் காலத்து என் கையின் நிறம் விளங்காது. யுத்தம் நடந்த வருஷங்கள். பெட்ரோல் கிடைக்காததால் செஞ்சியிலிருந்து திண்டிவனம் போகிற பஸ்ஸின் முதுகில் ஆளுயரத்துக்கு ஓர் இரும்பு அடுப்பைக் கட்டி, அதில் கரியை எரித்து, அந்தப் புகையில் வண்டியை ஓட்டினார்கள். அடுப்பைப் பார்த்துக்கொள்வது என் வேலை. விடியலில் கரியைக் கொட்டிப் பற்றவைத்து, அதற்குக் காற்று ஊதுகிற விசிறியின் கைப்பிடியைத் தோள்பட்டை கழலச் சுற்ற வேண்டும். பஸ்ஸுக்கு மனசு இருந்தால் கிளம்பும். இல்லாவிட்டால் அதன் அம்மாவையும் அப்பனையும் இழுத்துத் திட்டிவிட்டு மறுபடி சுற்றுவேன். எனக்கு முன்கோபம் அதிகம். அடுப்புச் சூடு தலைக்கு ஏறிவிட்டது என்பார் டிரைவர். அடுப்பு வருவதற்கு முன்பும் நான் அப்படித்தான் இருந்தேன்.

ஒரு மாசி மாதம் எனக்குக் கல்யாணம் நடந்தது. பெண்ணுக்குச் சீயமங்கலத்துப் பக்கம் ஒரு கிராமம். நான்கு அக்கா, ஓர் அண்ணன், இவள் கடைக்குட்டி. பொழுது விடிந்தால் பேச்சு, சிரிப்பு, சண்டை, மறுபடி சிரிப்பு என்று இருந்த வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். எங்கள் வீட்டில் நானும் என் அப்பா, நைனாவும்தான். அம்மா செத்துப்போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. நைனா ராஜகிரி மலை அடிவாரத்தில் ஆடு மேய்ப்பார். ஆடுகளோடு நாள் முழுக்கப் பேசிவிட்டு வருவதால் வீட்டில் பேசுவதற்கு அவரிடம் மிச்சம் இருக்காது. எனக்குப் பஸ்ஸைத் திட்டுவதோடு சரி. அந்த வீட்டுக்குள் கொண்டுவந்து ஒரு பெண்ணை உட்காரவைத்தால் அவள் என்ன செய்வாள்? வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோல இருந்தாள். சோறு வைப்பாள், தண்ணீர் வைப்பாள், மூலையில் போய் உட்கார்ந்துகொள்வாள். என்னை ஒரு தடவைகூட முறை சொல்லிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட வேண்டுமென்றால் சொம்பைத் தரையில் டங்கென்று வைப்பாள்.

நானும் போய்ப் பேசியிருக்கலாம். வெட்கம் ஒருபக்கம், வீம்பு ஒருபக்கம். இப்படியே பங்குனி வந்துவிட்டது. ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரம்மா வேலிக்கு மேலே தலையை நீட்டி நைனாவிடம் சொன்னாள்.

"உங்க மருமவ எங்கிட்ட இன்னா சொல்லுச்சு தெரியுமா? அமாவாசைக்கு அவங்க அண்ணன் வந்து கூட்டிம்போறானாம். போனா திரும்பி வரமாட்டேன்னுது. மல அடிவாரத்துல கல்லுங்களோட குடும்பம் நடத்த முடியாதுன்னுது."

கல்லுங்கள் என்றது என்னையும் நைனாவையும். நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "போனா போவட்டும்" என்றேன் நான். சொல்லிவிட்டு வெளியே வந்தேன். எனக்கு அவளைப் பிடித்திருந்தது. நடக்கும்போது கையை வீசி நடப்பதுகூடப் பிடித்திருந்தது. அதை யாரிடம் சொல்வது?

அடுத்த வாரத்தில் ஒரு நாள் வண்டி வல்லம் தாண்டுவதற்குள் படுத்துவிட்டது. மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். வாசலில் புங்கமரத்து நிழலில், பச்சை குத்துகிற பெண்பிள்ளை ஒருத்தி உட்கார்ந்து, என் பெண்டாட்டியின் வலது கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். நூலால் சேர்த்துக் கட்டின ஊசிகள். பக்கத்தில் கொட்டாங்குச்சியில் மை. ஊசி இறங்க இறங்கப் பச்சைக்காரி ஏதோ பாட்டை இழுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். என்னவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். கண்ணோரம் தண்ணீர் ஓடியது. ஆனால் கையை இழுக்கவில்லை. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் ஒரு தேள் படுத்திருந்தது. கால்கள், வால், வால் நுனியில் வளைந்த கொடுக்கு, சுற்றிலும் புள்ளிகள். கை முழுக்கச் சிவந்து வீங்கியிருந்தது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "யாரக் கேட்டு இத குத்தற?" என்றேன்.

பச்சைக்காரி தலையைத் தூக்கவேயில்லை. "கையிக்குச் சொந்தக்காரியக் கேட்டு" என்றாள். பிறகு அவளே சொன்னாள். "இவங்க அக்காங்க எல்லாருக்கும் கையில தேளு இருக்குதாம். இவ மட்டும் ஊசியப் பாத்தா ஓடிப்போயி வைக்கப்போருல பூந்துக்குவாளாம். பயந்தாங்கொள்ளின்னு கூப்புடுவாங்களாம். இந்தத் தபா ஊருக்குப் போயி கையக் காட்டணுமாம்."

அப்படியென்றால் போவதற்கு ஏற்பாடு நடக்கிறது. மூட்டை கட்டுவதற்கு முன்னால் கையைத் தயார் பண்ணிக்கொள்கிறாள்.

பச்சைக்காரி குத்தி முடித்து, இடத்தைத் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு, மஞ்சளை விளக்கெண்ணெயில் குழைத்துப் பூசினாள். "வூட்ல வேற பொம்பள யாரு?" என்று கேட்டாள். யாரும் இல்லை என்றேன். பக்கத்து வீட்டுக்காரம்மா விடிந்தால் களையெடுக்கப் போய்விடுவாள்.

"அப்ப நீதான் பாத்துக்கணும். காலையிலயும் சாயங்காலமும் மஞ்சளும் விளக்கெண்ணெயும். கோழி றெக்கையால தடவு, வெரலு படக்கூடாது. அவ கையால அவ தடவக்கூடாது. தடவற மாதிரி ஆரம்பிச்சு சொறிய ஆரம்பிச்சுடுவா, பச்ச திட்டுத் திட்டா பூடும். தண்ணியில கைய வைக்கக்கூடாது. அடுப்பு அனலு ஆவாது. கருவாடு, கத்திரிக்கா, மல்லாட்ட எதுவும் ஆவாது. பொருக்கு தானா ஒதரணும். அது வரைக்கும் தண்ணி தாண்டக்கூடாது."

"தண்ணின்னா?"

"ஓட, ஏரி, ஆறு, எந்தத் தண்ணியும்."

செஞ்சியிலிருந்து அவள் ஊருக்குப் போகும் வழியில் ஓடையும் உண்டு, ஏரிக்கரையும் உண்டு. என்னவள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அமாவாசைக்குள்ள ஆறிடுமா?"

"ஒழுங்கா பாத்துக்கினா ஆறிடும்" என்று சொல்லிவிட்டு, கூலியாக முறத்திலிருந்த கம்புத் தானியத்தை மடியில் வாங்கிக்கொண்டு பச்சைக்காரி எழுந்துபோனாள்.

என் நிலைமையைப் பாருங்கள். நான் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் அவள் அமாவாசைக்குப் போய்விடுவாள். பார்த்துக்கொள்ளாவிட்டால் கை புண்ணாகிக் கிடப்பாள். அன்றைக்குக் கொஞ்ச நேரம் எனக்குக் கெட்ட புத்திகூட வந்தது. எண்ணெய் தடவ மறந்துவிட்டால் என்ன என்று யோசித்தேன். சாயங்காலம் அவள் வீங்கின கையை மடியில் போட்டுக்கொண்டு, வாயைக் குவித்து அதன்மேல் ஊதிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அதோடு அந்தப் புத்தி ஓடிப்போனது.

கிணற்றடிக்குப் போய்ச் சாம்பலையும் தேங்காய் நாரையும் வைத்துக் கையைத் தேய்த்தேன். கரி போகவில்லை. சீயக்காய் போட்டுத் தேய்த்தேன். கல்லில் தேய்த்தேன். நகக்கண்ணில் கறுப்பு அப்படியே நின்றது. தோல் உரிந்ததுதான் மிச்சம். அந்தக் கையில் கோழி இறகைப் பிடித்துக்கொண்டு அவள் எதிரில் போய் உட்கார்ந்தேன். அவள் என் கையைப் பார்த்தாள், இறகைப் பார்த்தாள். பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கையை மட்டும் என் பக்கம் நீட்டினாள். கரி அடுப்பைக் குத்திக் கிளறுகிற கை, இறகைப் பிடித்துத் தேளின் காலுக்குக் கால் எண்ணெய் வைத்தது. பயத்தில் எனக்கு வியர்த்துவிட்டது.

சமையல் நைனாவின் தலையில் விழுந்தது. அவர் கிண்டின கேழ்வரகுக் களியில் கட்டிகள் இருந்தன. கடித்தால் உள்ளே பச்சை மாவு. குழம்பு ஒரு நாள் உப்புக் கரிக்கும், மறுநாள் உப்பே இருக்காது. "நேத்து போட்டது இன்னிக்கும் சேத்துத்தான்" என்பார். கருவாடு இல்லாமல் ஒரு வேளை இறங்காத மனிதர், வீட்டிலிருந்த கருவாட்டுப் பானையை எடுத்துக்கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். "வாசன வந்தா அந்தப் பொண்ணுக்கு ஆச வராதா?" என்றார். அந்த மனிதருக்குள் இவ்வளவு இடம் இருப்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

நான் அவ்வளவு உத்தமன் இல்லை. பஸ் ஸ்டாண்டில் வறுத்த வேர்க்கடலை, எங்கள் ஊர் மல்லாட்டை, வாங்கித் தின்று, வாயைக் கொப்பளித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். எண்ணெய் தடவக் குனிந்தபோது அவள் மூக்கைச் சுளித்தாள். சொம்பை டங்கென்று வைத்தாள். அதற்குப் பிறகு நான் மல்லாட்டையைத் தொடவில்லை.

வீக்கம் வற்றாமல் இருந்தது. கையைத் தொட்டால் சுட்டது. நைனா ஒரு நாள் மலையிலிருந்து திரும்பும்போது யாருடைய வெற்றிலைக் கொடிக்கால் ஓரத்திலிருந்தோ அகத்திக்கீரை ஒடித்து வந்தார். "மையே அகத்திச் சாத்துலதான் எடுக்கறாங்க. இது குளிர்ச்சி, கட்டிவுடு" என்றார். கீரையை அரைத்து, தேள்மேல் அப்பி, அதற்குமேல் இளந்தழையைப் பரப்பி, பழைய வேட்டித் துணியால் கட்டினேன். அவளுக்கு இதமாக இருந்திருக்க வேண்டும். புங்கமரத்தடியில் கோணிமேல் படுத்துத் தூங்கிப்போனாள். நானும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் இருப்பதாக நினைத்து உள்ளே போய்ச் சாய்ந்தேன்.

ஆட்டுக்காரன் வீட்டில் ஒரு பெண்ணின் கையில் அகத்தித் தழையைக் கட்டி, வாசலில் படுக்கவைத்துவிட்டு, இரண்டு ஆண்பிள்ளைகள் நிம்மதியாக இருந்தோம். இதைவிட முட்டாள்தனம் உண்டா? எங்கள் ஆடுகளுக்கு அகத்தி என்றால் உயிர்.

அலறல் கேட்டு ஓடிவந்தேன். நைனாவின் செல்லம், ஒரு கொம்பு கோணலான வெள்ளாடு, அவள் கையிலிருந்து தழையைத் தின்று முடித்து, அரைத்த கீரையையும் நக்கிவிட்டு, துணியின் நுனியை வாயில் வைத்து இழுத்துக்கொண்டிருந்தது. அவள் கையை இழுக்க, அது துணியை இழுக்க, துணியோடு பொருக்கின் ஒரு மூலை பிய்ந்துகொண்டு வந்துவிட்டது. ரத்தம். தேளின் வால் நுனியில் கொடுக்கு இருந்த இடம் பச்சைப்புண்ணாகக் கிடந்தது.

எனக்குக் கண் மண் தெரியவில்லை. அடுப்புக்கு வைத்திருந்த விறகுக்கட்டையை எடுத்துக்கொண்டு ஆட்டின்மேல் பாய்ந்தேன்.

"மாமா, ஆட்ட அடிக்காத!"

அவள்தான். நானும் திரும்பினேன், ஆட்டுப்பட்டியிலிருந்து ஓடிவந்த நைனாவும் திரும்பினார். மாமனாருக்கும் மாமா, புருஷனுக்கும் மாமா. ஆனால் கையில் கட்டையோடு நின்றது நான் ஒருத்தன்தான். அதனால் அது எனக்குத்தான். கட்டையைக் கீழே போட்டேன்.

அவள் கையைப் பார்த்துப் பார்த்து அழுதாள். "தேளுக்குக் கொடுக்கு பூட்ச்சு. அக்காங்க சிரிப்பாங்க" என்றாள். அப்போது நைனா ஆட்டின் காதைப் பிடித்து இழுத்துவந்து அவள் முன்னால் நிறுத்தினார். அவர் ஆடுகளோடு பேசுவார் என்று சொன்னேன் அல்லவா? மலையில் என்ன பேசுகிறார் என்பதை நாங்கள் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டோம்.

"ஏண்டி கோணக்கொம்பி. மருமவ கையி இன்னா உனக்குத் தீவனத் தொட்டியா? நான் ஒடிச்சாந்தது உனக்கா? நாலு ஊரு சொல்லிப் பொண்ணு பாத்து, தாலி கட்டி, கூட்டியாந்து வச்சிருக்கறது நீ துன்றதுக்கா? இன்னா முழிக்கற? வாயில இருக்கறத முழுங்கிட்டு பேசு."

ஆடு மென்று முடித்துவிட்டு "மே" என்றது.

"பதிலு வேற சொல்றியா? மன்னிப்பு கேளு."

அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. மறுபடி அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கிறாள். கண்ணில் தண்ணீர் நிற்கும்போதே சிரித்தாள், அடக்கப் பார்த்து முடியாமல் கோணிமேல் சாய்ந்து சிரித்தாள். அந்த வாசலில் ஒரு பெண் சிரித்து எத்தனை காலமாயிற்றோ. நைனாவுக்கும் தொற்றிக்கொண்டது. நானும் சிரித்தேன். எனக்கு அப்போது இருந்த சந்தோஷத்துக்கு அந்த ஆட்டைத் தூக்கி முத்தம் கொடுத்திருப்பேன்.

"கொடுக்கு போனா இன்னா? அதான் வாயில இருக்குதே" என்றேன். கேலி என் வாயிலிருந்து வந்தது எனக்கே ஆச்சரியம்.

"வாயில இருக்கறது தெரிஞ்சா நீ பஸ்ஸ வுட்டு எறங்கவே மாட்ட" என்றாள் அவள்.

அதற்குப் பிறகு வந்தது அரிப்பு. பொருக்கு காயத் தொடங்கியதும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கையைத் தூணில் தேய்க்கப் போவாள். நான் பிடித்து இழுத்துவந்து உட்காரவைப்பேன். பனையோலை விசிறியால் விசிறுவேன். விசிறி மட்டும் போதவில்லை. "ஏதாவது சொல்லு மாமா, கேட்டுக்கினே இருந்தா மறந்துடுவேன்" என்றாள். எனக்கு என்ன தெரியும்? பஸ்ஸைத் தெரியும். மேட்டில் ஏற முடியாமல் வண்டி நின்றபோது கல்யாணக் கோஷ்டி முழுவதும் இறங்கித் தள்ளியதையும், மாப்பிள்ளை சரியாக அடுப்புக்குப் பின்னால் கைவைத்துத் தள்ளி, பட்டு வேட்டியோடு கரிப்பானைபோல மணமேடைக்குப் போனதையும் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் தன் அக்காமார் கதைகளைச் சொன்னாள். ஒருத்தி மாமியாரைப்போலவே பேசிக் காட்டுவாளாம். அவளைப்போல இவள் பேசிக் காட்டினாள். ஊமை என்று நாங்கள் நினைத்திருந்தவள் வாயை மூட விசிறி போதாமல் போயிற்று. டிரைவர் கேட்டார், "இப்பல்லாம் வண்டியத் திட்டறதில்லியே, இன்னா ஆச்சு?" என்று. சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சொல்ல வண்டி ஏதாவது கூத்துப் பண்ண வேண்டுமே என்று நான் காத்திருந்தேன்.

ஆனால் வானத்தில் நிலா தேய்ந்துகொண்டே வந்தது. பொருக்கும் உதிர்ந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு நாளும் எண்ணெய் தடவும்போது இறகோடு கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். கீழே புதுத்தோல், அதில் கரும்பச்சைக் கோடு. அமாவாசைக்கு முந்தின நாள் காலையில் கடைசிப் பொருக்கும் விழுந்தது. எண்ணெயைத் துடைத்துவிட்டு இரண்டு பேரும் பார்த்தோம். தேள் பளபளவென்று இருந்தது. வால் நுனி மட்டும் மொட்டை. மற்றபடி ஒரு புள்ளி கலையவில்லை. இவ்வளவு ஒழுங்காக நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று நினைத்தேன். அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். போகிறாயா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. சாயங்காலம் துணிகளைத் துவைத்து வேலியில் காயப்போட்டாள். மூட்டை கட்டத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அமாவாசையன்று நான் வேலைக்குப் போகவில்லை. அவள் அண்ணன் வெயில் ஏறுவதற்குள் வந்துவிட்டான். நல்ல மனிதன், உரத்த குரல். கூழ் குடித்தான், நைனாவிடம் மழையைப் பற்றி விசாரித்தான். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, "இன்னாம்மா, கெளம்பலாமா? அக்காங்கல்லாம் வழி பாத்துக்கினு இருக்காங்க" என்றான். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நைனா ஆட்டுப்பட்டிக்குள் போய் ஒளிந்துகொண்டார்.

அவள் உள்ளேயிருந்து வந்தாள். வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை துணி சுற்றியிருந்தது. துணிக்கு வெளியே மஞ்சளும் எண்ணெயும் வழிந்தன.

"வர முடியாதுண்ணா. பச்ச குத்திக்கினேன், இன்னும் பொருக்கு ஒதரல. தண்ணி தாண்டக்கூடாதாம்."

எனக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று சந்தேகம் வந்துவிட்டது. நேற்றுக் காலையில் என் கையால் துடைத்த கை அது.

அண்ணன் எழுந்து வந்தான். "எங்க, காட்டு."

"தொறக்கக்கூடாது. காத்து பட்டா போச்சு."

"அப்ப எப்பத்தான் ஆறும்?"

"அவரக் கேளு. அவருதான் பாத்துக்கறாரு" என்று சொல்லிவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். சிரிப்பு கண்ணில் நின்றது. போகவா, இருக்கவா என்று கல்யாணமாகி அன்றைக்குத்தான் அவள் என்னிடம் கேட்கிறாள் என்று எனக்குப் பட்டது.

எங்கள் பக்கத்தில் ஆடி மாதம் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். சீர் வரிசையோடு போவாள், ஆடி முடிந்தால் தானாகத் திரும்பி வருவாள். அப்படிப் போகிறவளைப் பற்றி எந்தப் புருஷனும் பயப்படுவதில்லை. நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"ஆடி பொறக்கட்டும் மச்சான்" என்றேன்.

"ஆடியா? மாப்ள, இது பங்குனி. பச்ச ஆற ஆடி ஆவுமா?"

ஆட்டுப்பட்டிக்குள்ளிருந்து நைனாவின் குரல் வந்தது. "எங்க ஊரு வெயிலு அப்படிப்பா. எதுவும் சீக்கிரம் ஆறாது."

அண்ணன் என்னைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான். அவன் முட்டாள் இல்லை. துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு, வாசலைத் தாண்டுகிறவரை சிரிப்பை அடக்கிவைத்திருந்தான். தெருமுனையில் அவன் சிரித்தது எங்களுக்குக் கேட்டது. அவள் துணியை அவிழ்க்கத் தொடங்கினாள். முடிச்சு இடது கைக்கு எட்டவில்லை. "நின்னுக்கினே இருக்கியே, அவுத்து வுடு மாமா" என்றாள். அவிழ்த்துவிட்டேன்.